இரண்டு படியெடுப்புக் காரணிகள் 'ஒட்டுகின்றன' என்று எழுதுவதற்கு முன்

பைப்பெட் கோளாறும் பெயர் எழுத மறந்த குழாய்களும் ஒரு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். படியெடுப்புக் காரணிகளை (டிஎன்ஏவில் உட்கார்ந்து மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்யும் புரதங்கள்) ஆராயும்போது, கட்டுரை எழுதும் நாள்வரை பிடிபடாமல் கூடவே வரும் தவறுகளைப் பார்ப்போம்.

டிஎன்ஏவே பசையாக இருப்பதைக் கவனிக்காதது

செல்லை உடைத்த சாற்றிலிருந்து (லைசேட்) ஒரு காரணியை, அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் இழுக்கிறார்கள். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) இன்னொரு காரணியும் பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கே ஸ்லைடு தயார். ஆனால் இரண்டும் ஒரே டிஎன்ஏத் துண்டில் சில நூறு கார இணைகள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். கொடியை இழுத்தால் அதில் காயும் துணியெல்லாம் சேர்ந்துதானே வரும்?

அடுத்து நடப்பதுதான் எரிச்சல். டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதியை வெட்டிய மியூட்டன்ட்டைப் போடுவார்கள், பட்டை மறையும், 'அந்தப் பகுதி வழியாகத்தான் ஒட்டுகின்றன' என்று எழுதிவிடுவார்கள். அறுந்தது கொடியாகவும் இருக்கலாம். இதில் சிக்கல் என்னவென்றால், உண்மையிலேயே அப்படி ஒட்டும் ஜோடிகளும் உண்டு. செல் சிவப்பணுவாகுமா, மைலாய்ட் செல்லாகுமா (வெள்ளையணுக்களின் ஒரு வகை) என்ற இழுபறியில் காட்டா-1, பியூ.1 என்ற இரு காரணிகள் எதிரெதிரே நிற்கின்றன. காட்டா-1இன் துத்தநாக விரலும் பியூ.1இன் ஈடிஎஸ் பகுதியும் நேராகவே தொடுகின்றன. இரண்டுமே டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதிகள். மியூட்டன்ட்டை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

லைசேட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மில்லிலிட்டருக்குச் சுமார் 250 யூனிட் பென்சோனேஸ் (டிஎன்ஏவைத் துண்டாடும் என்சைம்) சேருங்கள். டிஎன்ஏ அறுந்த பிறகும் பட்டை நிற்கிறதா என்று பார்ப்பதே சோதனை. அதற்கு 1–2 மில்லிமோலார் மக்னீசியம் வேண்டும். வழக்கமான லைசிஸ் பஃபரில் (செல்லை உடைக்கும் கரைசல்) இருக்கும் ஈடிடிஏ அந்த மக்னீசியத்தைக் கவ்விக்கொள்ளும். என்சைம் சும்மா மிதக்கும். உட்கருப் புரதங்களை 420 மில்லிமோலார் உப்பில் எடுத்திருந்தால் 150க்கு இறக்கிய பிறகே சேர்க்க வேண்டும். வேலை முடிந்ததா என்று ஊகிக்காதீர்கள்: கொஞ்சம் எடுத்து அகரோஸ் ஜெல்லில் ஓட்டுங்கள். பெரிய துண்டுகள் தெரிந்தால் சோதனை நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

ஒப்பீட்டுக்கு, ஒன்றோடொன்று நேராக ஒட்டும் ஐடி1–ஈ47 புரத ஜோடி நல்லது. ஐடி1க்கு டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதியே கிடையாது. பென்சோனேஸ் போட்ட பிறகும் அந்தப் பட்டை நிற்க வேண்டும்.

பாக்டீரியாவில் தயாரித்த புரதம் என்றால் கவலையில்லை என்பதும் தப்பு. 260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/280) 0.6ஐ ஒட்டி இல்லாமல் 1ஐத் தாண்டினால் நியூக்ளிக் அமிலம் (டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ) ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

மோட்டிஃப் இருந்தால் காரணியும் இருக்கும் என்பது

காரணி தேடிப் பிடிக்கும் குறுந்தொடரே மோட்டிஃப். மையோடி என்ற காரணி தேடும் சிஏஎன்என்டிஜி தொடர் (என் என்பது எந்த எழுத்தாகவும் இருக்கலாம்), தற்செயலாகவே 256 கார இணைக்கு ஒருமுறை வரும். மனித மரபணுத்தொகுதியில் ஒரு கோடிக்கும் மேல். பெரும்பாலானவை நியூக்ளியோசோமுக்குள் (டிஎன்ஏ புரதத்தைச் சுற்றிய உருண்டை) மூடிக் கிடக்கின்றன.

பக்கத்து மரபணுவே இலக்கு என்பது

சானிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவைக் கருவின் கை கால் மொட்டில் இயக்கும் என்ஹான்சர் (மரபணுவைத் தூண்டும் டிஎன்ஏத் துண்டு) சுமார் 10 லட்சம் கார இணைகள் தள்ளி, வேறொரு மரபணுவின் இன்ட்ரானுக்குள் (புரதமாகாத இடைப்பகுதி) இருக்கிறது.

அளவு பார்க்காமல் காரணியைச் செல்லில் ஏற்றுவது

பியூ.1 குறைவாக இருந்தால் பி செல், அதிகமானால் மேக்ரோபேஜ். ஏற்றிய அளவு இயல்பை மீறியதா என்று பார்க்க, இயல்பான செல்லின் லைசேட்டையும் அதே ஜெல்லில் பக்கத்தில் ஓட்டுங்கள்.