ஹெட்செட்டுக்குள் சாரம் ஏறப் பழக்குவது எப்படி

"கொக்கியை மாட்டு" என்று ஒரு கட்டடத் தொழிலாளியிடம் நூறு தடவை சொல்லிவிடலாம். மாட்டாவிட்டால் என்ன ஆகும் என்று சாரத்தின் மேல் நிறுத்திக் காட்ட வழியில்லை. விஆர், அதாவது கண்ணை மூடும் ஹெட்செட்டுக்குள் கம்ப்யூட்டர் காட்டும் மெய்நிகர் காட்சி, கைகொடுப்பது அங்கேதான்.

இந்த விளக்கம் ஒரே ஒரு பயிற்சிக்கானது: குழாய்ச் சாரத்தில், இரட்டைக் கொக்கி லேன்யார்டுடன் (ஹார்னஸ் என்ற உடல் பட்டையைச் சாரத்தோடு இணைக்கும் கயிறு), ஒரு கொக்கியாவது எப்போதும் மாட்டியிருக்கும்படி நகர்வது. பள்ளம் சரிவது, கிரேன் சுமை, மின்கம்பி எல்லாவற்றையும் அதே காட்சியில் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது. அவற்றுக்குத் தனித்தனிக் காட்சி செய்யுங்கள்.

கருவி

கம்ப்யூட்டரோடு கேபிளில் கட்டிவைக்கும் ஹெட்செட் வேண்டாம். கேபிள் காலில் சிக்கும். மெட்டா குவெஸ்ட் 3 போலத் தனித்து இயங்கும் வகை போதும். பேட்டரி சுமார் 2 மணி நேரம்தான் நிற்கும், அதனால் ஒரே நாளில் பத்துப் பேருக்கு மேல் என்றால் இரண்டு ஹெட்செட் வைத்துக்கொள்ளுங்கள். துணி உறை வியர்வையை உறிஞ்சி நாறும். துடைக்கக்கூடிய சிலிக்கான் உறை வாங்குங்கள். லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள், ஆல்கஹால் படவே கூடாது.

360 டிகிரி படம் எடுத்தே செய்துவிடலாமே என்று தோன்றும். "இந்தக் காட்சியில் என்ன தவறு?" என்று கேட்கும் பயிற்சிக்கு அது நல்லது, மலிவானதும்கூட. ஆனால் படத்துக்குள் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது, கொக்கியையும் எடுக்க முடியாது. நம் பயிற்சிக்கு யூனிட்டி என்ற மென்பொருளில் செய்த முப்பரிமாணக் காட்சிதான் சரி.

இடம்

3 மீட்டருக்கு 3 மீட்டர் காலி இடம். மேலேயும் பாருங்கள்: கொக்கி மாட்டும்போது கை தலைக்கு மேல் போகும், கன்டெய்னர் அலுவலகத்தில் அது மின்விசிறியிலோ டியூப் லைட்டிலோ போய் இடிக்கும். சுவர் வெறும் வெள்ளையாக இருந்தால் ஹெட்செட் தன் இடத்தைத் தவறவிடும்; நாலைந்து சுவரொட்டிகளை ஒட்டினால் சரியாகிவிடும். ஜன்னல் வெயில் லென்ஸில் நேராக விழும்படி ஹெட்செட்டை வைக்காதீர்கள். லென்ஸ் பூதக்கண்ணாடி போல வேலை செய்து உள்ளே திரையைப் பொசுக்கிவிடும், பிறகு சரிசெய்ய முடியாது.

தரைமட்டம் (இதை அவசரமாகத் தாண்டாதீர்கள்)

பெரும்பாலான பயிற்சிகள் கெடுவது இங்கே. தரைமட்டம் 30 சென்டிமீட்டர் தவறினால் தொழிலாளி அந்த அளவுக்கு நெட்டையாகிவிடுவார். 1 மீட்டர் உயரத் தடுப்புக் கம்பி அவருக்குத் தொடை உயரத்தில் தெரியும். மேடையே ஆபத்தானது என்று நினைத்து மிரள்வார். மறுபக்கம் தவறினால் கம்பி நெஞ்சு உயரத்துக்கு வந்து, இல்லாத பாதுகாப்பை உணர்வார். காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் உடம்பு கற்றுக்கொள்வது பொய்.

தவறு மூன்று இடங்களில் நுழையும்.

முதலாவது, யூனிட்டியில் எக்ஸ்ஆர் ஆரிஜின் என்ற பொருளின் டிராக்கிங் ஆரிஜின் மோடு. அது 'டிவைஸ்' என்று இருந்தால் எல்லோருக்கும் ஒரே கற்பனை உயரம் கிடைக்கும். 'ஃப்ளோர்' என்று மாற்றுங்கள்.

இரண்டாவது, அளவு. யூனிட்டியில் ஓர் அலகு என்பது 1 மீட்டர். மில்லிமீட்டரில் வரைந்த சார மாதிரியை அப்படியே இறக்கினால் ஆயிரம் மடங்கு பெரிதாக வரலாம். அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் கண்மதிப்பில் சுருக்கிச் சரிசெய்தால் பத்து சதவீதப் பிழை தங்கிவிடும், அது தெரியாது. தடுப்புக் கம்பி, நடைப்பலகை அகலம், இரண்டு அடுக்குகளுக்கு இடையிலான உயரம், இந்த மூன்றையும் உங்கள் தளத்துச் சாரத்தில் டேப் வைத்து அளந்து அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது, ஹெட்செட்டை வேறு அறைக்குக் கொண்டுபோய், அங்கே தரையைப் புதிதாகக் குறிக்காமல் விடுவது. இது ஒவ்வொரு நாளும் நடக்கக்கூடியது.

சோதிப்பது எளிது. கையில் பிடிக்கும் கன்ட்ரோலரை நிஜத் தரையில் வைத்துவிட்டு ஹெட்செட் வழியே பாருங்கள். காட்சியிலும் அது தரையில் கிடக்க வேண்டும். மிதந்தாலோ புதைந்தாலோ தரையை மறுபடி குறியுங்கள். ஒவ்வொரு நாள் காலையிலும், ஹெட்செட் கண்காணிப்பை இழந்து மீண்ட ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யுங்கள்.

காட்சி

முதல் இரண்டு நிமிடம் சமதரை. சுற்றிப் பார்க்கட்டும், கொக்கியை எடுத்து வைக்கட்டும். பிறகு மேடை. அங்கே நாலைந்து அடியை நிஜமாகவே நடக்கட்டும். அதற்கு மேல் நகர வேண்டுமானால் 'டெலிபோர்ட்' (சுட்டிய இடத்துக்கு ஒரே தாவலில் போவது) வையுங்கள். கன்ட்ரோலர் ஸ்டிக்கால் வழுக்கி நகர்ந்தால் கண் நகர்கிறது, உள்காது நகரவில்லை, குமட்டல் வரும். காட்சி நொடிக்கு 72 பிரேமுக்குக் கீழே இறங்கினாலும் அதே தொல்லைதான். நிழல்களைக் குறைத்தாவது அதைக் காப்பாற்றுங்கள். எழுத்துப் பலகைகள் வேண்டாம். தொழிலாளியின் மொழியில் குரல் கொடுங்கள்.

விழுவதைக் காட்டலாமா? ஆளை விழவைக்காதீர்கள். மிரண்டு பின்வாங்கி நிஜத் தரையில் விழுவார். விளிம்பைத் தாண்டினால் திரை கறுக்கட்டும். பக்கத்தில் ஒரு பொம்மை விழுவதைப் பார்க்கட்டும். அதை வைத்து ஒரு கணக்கையும் காட்டலாம்: நெஞ்சு உயரத்தில் மாட்டிய லேன்யார்டு 1.8 மீட்டர், அதிர்ச்சி தாங்கி விரிவது சுமார் 1.1, ஹார்னஸின் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5, பாதுகாப்புக்கு விடும் மிச்ச இடைவெளி 1. கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே ஏறக்குறைய 5.4 மீட்டர் காலியாக வேண்டும். 2.5 மீட்டர் உயர மேடையில் பொம்மை கொக்கி மாட்டியும் தரையில் மோதும். அங்கே குட்டை லேன்யார்டு அல்லது தானாகச் சுருண்டு, விழும்போது பூட்டிக்கொள்ளும் வகை ஏன் தேவை என்பது அப்போது தானாகப் புரியும். கொக்கியைக் கால்மட்டத்தில் மாட்டினால் விழும் தூரம் இன்னும் கூடும் என்பதையும் காட்டுங்கள்.

நடத்துவது

தொடங்கும் முன் வலிப்பு, தலைசுற்றல், காதில் சமநிலைக் கோளாறு உண்டா என்று தனியாகக் கேளுங்கள். பலர் நடுவில் கேட்டால் சொல்லமாட்டார்கள். ஹெல்மெட்டைக் கழற்றலாம், ஹார்னஸை நிஜமாகவே அணியட்டும். அதைச் சரியாகப் பூட்டுவதும் பயிற்சிதான். ஏழு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் நின்றே ஆக வேண்டும். சொல்லாமல் தொடக்கூடாது, "தோளைப் பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பிடியுங்கள். முகம் வெளுத்தால் உடனே கழற்றுங்கள். குமட்டல் வந்தவர் அரை மணி நேரமாவது ஏணி ஏறவோ வண்டி ஓட்டவோ கூடாது.

மதிப்பெண் போடாதீர்கள். இரண்டு கொக்கியும் ஒரே சமயம் கழன்றிருந்தது எத்தனை தடவை, எந்த இடத்தில் என்று மட்டும் பதியுங்கள். பெரும்பாலும் குறுக்குக் கம்பியைத் தாண்டும் இடமாக இருக்கும். ஏழு நிமிடக் காட்சிக்குப் பதினைந்து நிமிடப் பேச்சு வேண்டும். "ஏன் கழற்றினீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

அதே நாளில் நிஜக் கொக்கி

கன்ட்ரோலரில் ஒரு பொத்தானை அழுத்தினால் கொக்கி மாட்டிக்கொள்ளும். நிஜத்தில் பின்புறப் பூட்டை அழுத்திக்கொண்டே வாயைத் திறக்க வேண்டும். அதை விஆர் விரலுக்குக் கற்றுத்தராது. பயிற்சி முடிந்ததும் தரையில் நட்ட குழாயில், கையுறையோடு, பத்துத் தடவை மாட்டிக் கழற்றச் செய்யுங்கள்.

பிறகு சேர்த்தது

மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு லென்ஸுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் லென்ஸும் கண்ணாடியும் உரசிக் கீறும். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்துவந்த ஹெட்செட்டில் ஆவி படியும். பத்து நிமிடம் வெளிக்காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள். தொழிலாளி பார்ப்பதை வெளியே திரையில் காட்ட ஹெட்செட்டும் திரையும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், தளத்தில் அது கிடைக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள்.