ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தக்குழாய் ஆறுவதைக் கெடுக்கும் தவறுகள்

இதயத்தின் ரத்தக்குழாய் அடைபட்டால், அதைத் திறந்து வைக்க உள்ளே வைக்கும் சிறு உலோகக் கம்பி வலைக்குழாய்தான் ஸ்டென்ட். அதை வைத்ததும் அடைப்பு திறந்துவிடுகிறது. ஆனால் குழாயின் உட்பக்கத்தில் புண் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. ரத்தக்குழாயின் உள்ளே ஒற்றைச் செல் கனத்தில் ஒரு மெல்லிய உறை உண்டு. அடைப்பை அகற்ற பலூனை விரிக்கும்போது அந்த உறை உரிந்துவிடும். வெறுமையான இடத்தில் நிமிடங்களில் பிளேட்லெட்டுகள், அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் நுண்ணணுக்கள், வந்து ஒட்டும். பிறகு ஓரத்தில் பிழைத்திருக்கும் செல்கள் பிரிந்து பெருகி, நகர்ந்து வந்து இடத்தை மூடும். நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து ரத்தம் உறையாமல் காப்பதும் இந்தச் செல்கள்தான்.

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு அடுத்தது எளிதில் புரியும். கத்தி தடியில் படாவிட்டால் பட்டை ஒழுங்காக வளர்ந்து மூடும். தடியைத் தொட்டுவிட்டால் முண்டும் முடிச்சுமாகத்தான் ஆறும். குழாயிலும் காயம் ஆழமானால் அடியிலுள்ள தசைச் செல்கள் அளவுக்கு மீறி வளர்ந்து மறுபடி சுருக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் ஸ்டென்ட்டின் மேல் மருந்து பூசுகிறார்கள். அந்த மருந்து உறைச் செல்களின் வளர்ச்சியையும் மெதுவாக்கும். உலோகக் கம்பி முழுதாக மூடப்பட மாதக்கணக்கில் ஆகலாம்.

ஆகவே ஆபத்தான தவறு, "வலிதான் இல்லையே" என்று, பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளை நிறுத்துவது. மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக 12 மாதம் இரண்டையும் சேர்த்துத் தருவார்கள். ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கு மருத்துவர் அதைக் குறைப்பதுண்டு. பிளேட்லெட்டின் ஆயுள் 7 முதல் 10 நாள்தான். தூத்தூர், வள்ளவிளையிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர் மாத்திரையைக் கரையில் மறந்துவிட்டால், திரும்புவதற்குள் ரத்தத்தில் இருப்பதெல்லாம் மருந்து தொடாத புதிய பிளேட்லெட்டுகள். மூடாத கம்பியில் ரத்தம் கட்டியாக உறைந்தால் நடுக்கடலில் மாரடைப்பு. வள்ளத்தில் ஏறும் முன், கடலில் தங்கல் நீண்டாலும் போதுமான அளவுக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்களும் இதைக் கவனித்து எடுத்து வைக்க வேண்டும்.

பல் பிடுங்குவதற்காக நாமே மாத்திரையை நிறுத்துவதும் அதே தவறுதான். பெரும்பாலும் நிறுத்தாமலே பிடுங்க முடியும். ஸ்டென்ட் வைத்ததைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு இபுபுரோஃபென் வாங்கிப் போடுவதும் வேண்டாம். அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும், வயிற்றில் ரத்தக்கசிவையும் கூட்டும்.

பீடி, சிகரெட் பற்றிப் பேச்சே வேண்டாம், அன்றே விட வேண்டும். கட்டுப்படாத சர்க்கரையும் உறை ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

ஈசிஜி நன்றாக இருக்கிறது, அதனால் உள்ளே ஆறிவிட்டது என்று முடிவு செய்பவர்களும் உண்டு. உறை மூடியதா என்பதை ஈசிஜி காட்டாது.

மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கோ மாத்திரைச் சீட்டோடு போங்கள்; எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அங்கே சொல்வார்கள்.