வேலை போன வாரத்தில் செய்யக்கூடாதவை

ஆட்குறைப்பில் வேலை போகிறவர்களில் நிறையப் பேர் கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது ராஜினாமா கடிதத்தில். "நாங்களாக டெர்மினேட் பண்ணினா ரெக்கார்டுல நிக்கும், நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, உங்களுக்குத்தான் நல்லது" என்று எச்.ஆர். இதமாகச் சொல்வார். அடுத்த வேலைக்குப் பங்கம் வந்துவிடுமோ என்ற பயத்தில் பத்து நிமிடத்தில் கையெழுத்தாகிவிடும். இந்த அவசரம்தான் எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு. ஏன் விலகினீர்கள் என்று காகிதத்தில் இருப்பதை வைத்துத்தான் பிறகு பல பணம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும்.

முதலில் ஆட்குறைப்பு இழப்பீடு. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் இதில் வரமாட்டார்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: ஆட்குறைப்பு செய்யப்பட்டவரின் மறுபயிற்சிக்காக நிறுவனம் 15 நாள் சம்பளம் செலுத்த வேண்டும், அது 45 நாட்களுக்குள் அவர் கணக்கில் வர வேண்டும். தானாக ராஜினாமா செய்தவருக்கு இவை எதுவும் இல்லை.

அப்புறம் வருமான வரி. ஐந்து ஆண்டு சர்வீஸ் முடியாமல் பி.எஃப். பணத்தை எடுத்தால் அதற்கு வரி உண்டு. ஆனால் உடல்நலக் குறைவாலோ, நிறுவனம் சுருங்கியதாலோ மூடப்பட்டதாலோ, ஊழியரின் கையை மீறிய வேறு காரணத்தாலோ வேலை போயிருந்தால் வரி கிடையாது. சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த விலக்கை எப்படிக் கேட்பது?

சில சமயம் ராஜினாமாவைத் தவிர்க்கவே முடியாது. கூடுதலாக இரண்டு மாதச் சம்பளம் தருகிறேன் என்பார்கள். கணக்குப் பார்த்தால் அது லாபமாகக்கூட இருக்கலாம். அப்போதும் "சொந்தக் காரணங்களுக்காக" என்ற வழக்கமான வரியை எழுதாதீர்கள். "நிறுவனத்தின் ஆட்குறைப்பு காரணமாக, நிர்வாகம் கேட்டுக்கொண்டபடி" என்று எழுதுங்கள். பேசியதை எல்லாம் அன்று மாலையே ஒரு மெயிலாக அனுப்பிவிடுங்கள். ஆபீஸ் மெயில் எந்த நிமிடமும் மூடப்படலாம், ஆகவே சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போகட்டும். சம்பளச் சீட்டுகள், பணி நியமனக் கடிதம் எல்லாவற்றையும் உள்ளே நுழைய முடிகிறபோதே எடுத்து வைப்பது நல்லது. புதிய தொகுப்பின்படி வேலை முடிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் நிலுவைச் சம்பளத்தைத் தர வேண்டும். நாற்பத்தைந்து நாள் ஆகும் என்று பழைய பழக்கத்தில் சொல்வார்கள். அதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டாம்.

பி.எஃப். விஷயத்தில் முதல் மாதமே முழுக்கத் துடைத்து எடுப்பதுதான் பரவலான தவறு. வேலை போனாலும் அந்தப் பணத்துக்கு 58 வயது வரை வட்டி ஏறும். 2024-25க்கு அது 8.25 சதவீதம். (வேலையில் இல்லாத காலத்தில் சேரும் வட்டிக்கு வரி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) முன்பு 2 மாதம் வேலையில்லாமல் இருந்தால் மொத்தத்தையும் எடுத்துவிடலாம். 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவு இதை மாற்றுகிறது: 75 சதவீதம் உடனே, மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம், பென்ஷன் பணத்துக்கு 36 மாதம் காத்திருக்க வேண்டும். ஆகவே முழுத் தொகையும் கைக்கு வரும் என்று நம்பி யாருக்கும் தேதி சொல்லிவிடாதீர்கள். அதற்காகப் பி.எஃப்.பில் கையே வைக்கக்கூடாது என்று சொல்லவில்லை. மாதம் 3 சதவீதத்தை ஒட்டி வட்டி ஓடும் கிரெடிட் கார்டு கடன் இருந்தால், அதை அடைக்க எடுப்பதில் தப்பே இல்லை. மினிமம் மட்டும் கட்டி ஓட்டுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

இதில் பென்ஷன் பகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். நிறுவனம் கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், அதாவது 15,000 ரூபாய் சம்பள வரம்புக்கு உட்பட்டது, பென்ஷன் கணக்குக்குப் போகிறது. மாத ஓய்வூதியம் கிடைக்கப் பத்து ஆண்டு சர்வீஸ் வேண்டும். எட்டு வருடம் வேலை பார்த்தவர் வேலை போனதும் அந்தச் சிறு தொகையை எடுத்துவிட்டால், அடுத்த நிறுவனத்தில் பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பிக்க வேண்டும். பணமாக எடுக்காமல் ஸ்கீம் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் அந்த எட்டு வருடமும் அப்படியே நிற்கும். இரண்டுக்கும் ஒரே படிவம்தான், 10சி. அதில் எதைக் கேட்கிறோம் என்று பார்க்காமல் பிரவுசிங் சென்டரில் விட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம்.

பழைய கம்பெனியின் பி.எஃப். கணக்கை இப்போதைய கணக்கோடு இணைக்காமல் கிளெய்ம் போடுவதும் அப்படித்தான். வரிக்கான அந்த ஐந்து ஆண்டுக் கணக்கில் பழைய இடத்துச் சர்வீஸும் சேரும். இணைத்திருந்தால் வரியே வந்திருக்காது. வெளியேறிய தேதியை நிறுவனம் போடவில்லை என்றால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் நாமே போட்டுக்கொள்ளலாம்.

ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு பற்றித்தான் யாருமே சொல்வதில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இது பொருந்தும். வேலை போன அன்றே கார்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சந்தா கட்டிய காலத்துக்கான பலன் தள்ளித்தான் வருகிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. பிப்ரவரி இறுதியில் வேலை போனவருக்கு டிசம்பர் வரை சிகிச்சை உரிமை இருக்கலாம். வீட்டில் சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் இது சின்ன விஷயமில்லை.

வேலையின்மைக்கே ஈ.எஸ்.ஐ.யில் பணம் உண்டு. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். சராசரி தினச் சம்பளத்தில் பாதி, 90 நாள் வரை, வாழ்நாளில் ஒருமுறை. அதாவது ஒன்றரை மாதச் சம்பளம். குறைந்தது இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், சந்தா நாட்களுக்கும் நிபந்தனை உண்டு. வேலை போய் 30 நாள் கழித்து விண்ணப்பிக்கலாம். இது 2018 ஜூலையில் தொடங்கி, கெடு வைத்துக் கெடு வைத்து நீட்டிக்கப்பட்டு வரும் திட்டம். ஆகவே இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒழுங்கு நடவடிக்கையில் வேலை போனவருக்கும் விருப்ப ஓய்வில் போனவருக்கும் கிடையாது. அந்த ராஜினாமா தாள் இங்கேயும் குறுக்கே வரும். ஆலை மூடலிலோ ஆட்குறைப்பிலோ வேலை இழந்தவர்களுக்கு ராஜீவ் காந்தி ஸ்ரமிக் கல்யாண் யோஜனா என்று இன்னொன்று, 2005 முதல் இருக்கிறது. அதில் 24 மாதம் வரை படி உண்டு.

கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, ஐந்து ஆண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். நான்கு ஆண்டும் ஐந்தாம் ஆண்டில் 240 நாளும் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பது எல்லோருக்கும் தெரியாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட காலம் முழு ஆண்டாகும். சம்பளம் 26,000 என்று வைத்துக்கொண்டால், 6 ஆண்டு 8 மாதம் என்பது 7 ஆண்டாகி, 1,05,000 ரூபாய் வரும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டவர்களுக்குப் புதிய தொகுப்பில் ஓராண்டே போதும். முப்பது நாளில் பணம் வரவில்லை என்றால் தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கொடுக்கும் உதவித்தொகையை நம்பிப் போகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் அது பதிவு செய்து ஐந்து ஆண்டாகியும் வேலை கிடைக்காத இளைஞர்களுக்கானது. பட்டதாரிக்கே மாதம் 600 ரூபாய்தான், குடும்ப ஆண்டு வருமானமும் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நேற்று வேலை போனவர் அந்த வரிசையில் நின்று ஒரு நாளை வீணாக்க வேண்டாம். அந்த நாளில் ஈ.எஸ்.ஐ. கிளைக்குப் போகலாம்.