பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சா? 600-ஐ ஓரமாக வைத்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்

மே மாதம் வந்தால் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஆள் வரத்து கூடிவிடும். கையில் மதிப்பெண் பட்டியல் பிரிண்ட் அவுட், பின்னால் அம்மாவோ அப்பாவோ, "இதுக்கு என்ன கிடைக்கும்?" என்ற ஒரே கேள்வி. எல்லோரும் முதலில் சொல்வது மொத்த மதிப்பெண்ணைத்தான். நான் முதலில் கேட்காததும் அதைத்தான். 600-க்கு எவ்வளவு என்பது சொந்தக்காரர்களுக்குச் சொல்லப் பயன்படும் எண். கல்லூரிக் கதவு ஒவ்வொன்றும் வேறு வேறு எண்ணைக் கேட்கிறது. அந்த எண்களை எடுப்பது எப்படி, எடுத்த பிறகு என்ன செய்வது என்பதைத் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பட்டியலை முழுதாகப் படியுங்கள்

பதிவெண், பிறந்த தேதி இரண்டும் கையில் இருக்கட்டும். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தளம் முதல் அரை மணி நேரம் திணறினால் பதற்றம் வேண்டாம். டிஜிலாக்கரில் பார்க்கலாம், பள்ளியில் கொடுத்த செல்போன் எண்ணுக்கும் குறுஞ்செய்தி வரும். தற்காலிக மதிப்பெண் சான்றிதழைப் பின்னர் பதிவிறக்கிக்கொள்ளலாம். விண்ணப்பிக்க அதுவே போதும்.

ஆறு பாடம், பாடத்துக்கு 100. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. செய்முறை இல்லாதவற்றில் 90-ம் 10-ம். தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, எழுத்துத் தேர்வில் தனியாக ஒரு குறைந்தபட்சம் இருப்பது: 70-க்கு எழுதும் பாடத்தில் 15, 90-க்கு எழுதும் பாடத்தில் 25. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முழுதாக 30 வாங்கி எழுத்தில் 14 எடுத்தால் கூட்டல் 44 வரும், தேர்ச்சி வராது. "44 எடுத்தவனை ஃபெயில்னு போட்டிருக்காங்களே" என்று யாராவது கொதித்தால் இந்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பெரியப்பா இப்போதும் 1200-க்கு எவ்வளவு என்றுதான் கேட்பார். 2019 மார்ச்சில் பிளஸ் டூ எழுதியவர்கள் தொடங்கி மொத்தமே 600தான். மாநில ரேங்க் அறிவிப்பையும் 2017-லேயே நிறுத்திவிட்டார்கள். இரட்டித்துச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்துவது உங்கள் விருப்பம்.

படி 2: மதிப்பெண்ணில் சந்தேகமா? முதலில் நகல்

மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். விடைத்தாள் நகல் என்பது நீங்கள் எழுதிய தாளின் ஸ்கேன். மறுகூட்டல் என்பது ஏற்கெனவே போட்ட மதிப்பெண்களைத் திரும்பக் கூட்டுவது. மறுமதிப்பீடு என்பது தாளை மறுபடி திருத்துவது. ஒவ்வொன்றுக்கும் பாடத்துக்குச் சில நூறு ரூபாய் கட்டணம், விண்ணப்பிக்கச் சில நாள்தான் அவகாசம். ரிசல்ட் அன்றே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் ஆலோசனை, நகலைப் பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். மறுமதிப்பீட்டுக்கு எப்படியும் நகல் முதலில் வேண்டும். நகல் வந்ததும் வினாத்தாளையும் அதிகாரப்பூர்வ விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பாட ஆசிரியரோடு உட்காருங்கள். முகப்புப் பக்கத்து மதிப்பெண்களை உள்ளே போட்டிருப்பதோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். திருத்தப்படாத பக்கம், விடுபட்ட கேள்வி எண், கடைசிப் பக்கத்தில் தொடர்ந்து எழுதிய விடை, இவற்றைத் தேடுங்கள். கூட்டல் மட்டும் தவறு என்றால் மறுகூட்டல் போதும். சரியான விடைக்கு மதிப்பெண் விழவில்லை என்று ஆசிரியரும் சொன்னால் மறுமதிப்பீட்டுக்குப் போகலாம். அதில் மதிப்பெண் குறையவும் வாய்ப்பு உண்டு, புதிதாக வருவதே இறுதி.

என் அக்கா மகன் இயற்பியலில் 61 வாங்கிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. "75-க்குக் குறையாது மாமா" என்றான். நகல் வந்தது. ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றில் வேறு தருவிப்பை அழகாக இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் மறுமதிப்பீட்டுக் கட்டணம் மிச்சம், அன்றிரவு சாப்பிட்டும்விட்டான்.

படி 3: ஒரு பாடம் போய்விட்டதா?

துணைத் தேர்வு ஜூன் கடைசியிலேயே வந்துவிடும். போன பாடத்தை மட்டும் எழுதினால் போதும். தேறினால் அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம், ஒரு வருடம் வீணாகாது. பள்ளி வழியாக உடனே விண்ணப்பியுங்கள். பிள்ளை அறையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, வந்து விசாரிக்கும் சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவைப்பது. யாரிடமாவது மனம் விட்டுப் பேச வேண்டும் என்றால் 104 என்ற எண்ணை அழைக்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417.

படி 4: உங்கள் கட்ஆஃப்களைக் கணக்கிடுங்கள்

இதுதான் முக்கியமான படி. கட்ஆஃப் என்பது ஒரு படிப்புக்கு வேண்டிய பாடங்களின் மதிப்பெண்களை மட்டும் வைத்துப் போடும் எண். ஒரு பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். கணிதம், உயிரியல் இரண்டும் படித்த இரண்டு மாணவிகளை வைத்துச் சொல்கிறேன். இருவருக்கும் மொத்தம் 517.

முதல் மாணவி: தமிழ் 92, ஆங்கிலம் 81, கணிதம் 88, இயற்பியல் 79, வேதியியல் 84, உயிரியல் 93.

இரண்டாவது மாணவி: தமிழ் 98, ஆங்கிலம் 96, கணிதம் 72, இயற்பியல் 76, வேதியியல் 80, உயிரியல் 95.

பொறியியல் கலந்தாய்வுக்கு 200-க்குக் கணக்கு. கணிதம் அப்படியே 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. முதல் மாணவிக்கு 88 + 39.5 + 42 = 169.5. இரண்டாவது மாணவிக்கு 72 + 38 + 40 = 150. மொத்தம் ஒன்றேதான், ஆனால் இங்கே 19.5 வித்தியாசம். தரவரிசையில் இது ஆயிரக்கணக்கான பேரைத் தாண்டும் தூரம். மொழிப்பாடம் இந்தக் கணக்கில் கிடையாது.

கால்நடை மருத்துவத்துக்கும் 200தான், ஆனால் முழுதாக எடுப்பது உயிரியலை. முதல் மாணவிக்கு 93 + 39.5 + 42 = 174.5, இரண்டாவது மாணவிக்கு 95 + 38 + 40 = 173. பார்த்தீர்களா, இருவரும் இங்கே கிட்டத்தட்ட ஒன்றாக நிற்கிறார்கள்.

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடங்களைக் கூட்டி 400-க்குப் பார்க்கிறார்கள். முதல் மாணவிக்கு 344, இரண்டாவது மாணவிக்கு 323. ஆனால் பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணையும் பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும் வைத்துத் தனிப்பட்டியல். அங்கே இரண்டாவது மாணவியின் 98-ம் 96-ம் பளிச்சென்று முன்னால் வந்துவிடும். "இன்ஜினியரிங்குக்கு 150தானா" என்று அழும் பிள்ளையிடம் இந்தப் பேப்பரைத்தான் நான் காட்டுவேன்.

வணிகவியல் பிரிவுக்காரர்களுக்கும் இந்த 400 கணக்கு பொருந்தும். ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பில் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். எம்.பி.பி.எஸ். நீட் வழியாக மட்டும். பி.ஆர்க். என்ற கட்டிடக்கலைப் படிப்புக்கு நாட்டா போன்ற தகுதித் தேர்வு எழுத வேண்டும். கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், இதை ஏனோ யாரும் யோசிப்பதே இல்லை.

படி 5: சான்றிதழ்கள்

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி நீங்கள்தான் என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ். மூன்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பவை, கிடைக்க நாளாகும். ரிசல்ட்டுக்கு முன்பே வாங்கி வைத்திருந்தால் நல்லது. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்டுப் பயனில்லை.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்கள் பள்ளியில் அதற்கான சான்றையும் வாங்குங்கள். 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. எந்தக் கல்லூரி ஆனாலும், அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். ஆதார் இணைத்த கணக்கு இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 6: விருப்பப் பட்டியல்

பொறியியல் விண்ணப்பம் ரிசல்ட்டை ஒட்டித் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை இருக்கும். அப்புறம் ஒவ்வொருவருக்கும் கணினி போடும் ரேண்டம் எண், தரவரிசை, சுற்று வாரியாகக் கலந்தாய்வு. ஒரே கட்ஆஃப் பலருக்கு வந்தால் யாருக்குக் கணிதம் அதிகம், அப்புறம் யாருக்கு இயற்பியல் அதிகம் என்று பார்த்துக்கொண்டே போய், எதிலும் பிரியாவிட்டால் கடைசியில் ரேண்டம் எண்.

போன வருட கட்ஆஃபை, அதாவது ஒரு கல்லூரியில் கடைசியாக இடம் கிடைத்தவரின் எண்ணைப் பார்க்கும்போது உங்கள் பிரிவின் பத்தியைப் பாருங்கள். பொதுப் பிரிவின் எண்ணைப் பார்த்துவிட்டு "எனக்குக் கிடைக்காது" என்று முடிவு கட்டும் எம்.பி.சி., எஸ்.சி. பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு இருப்பது சும்மா பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு இல்லை. ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் இரண்டு மூன்று வருடத்தைப் பாருங்கள், ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

பட்டியலில் கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசையாகப் போடும்போது ஒரே விதி: உங்களுக்கு எது அதிகம் பிடிக்குமோ அது மேலே. கிடைக்குமா கிடைக்காதா என்று பார்த்து வரிசையை மாற்றாதீர்கள். உங்கள் முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டு வரும், காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கிடைக்காத ஆசை ஒன்றை முதலிடத்தில் போட்டதால் கீழே உள்ளவை போய்விடாது. ஆனால் பயந்து ஒரு சுமாரான கல்லூரியை முதலில் போட்டால், இரண்டாவதாகப் போட்ட நல்ல கல்லூரியில் இடம் இருந்தும் அது கிடைக்காது. பத்துக் கல்லூரி மட்டும் போட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்பது இன்னொரு பழைய தவறு. தாராளமாகப் போடுங்கள், சேர விருப்பமே இல்லாததை மட்டும் விட்டுவிடுங்கள்.

இடம் ஒதுக்கியதும் ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பதா, மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவதா என்று தளம் கேட்கும். முடிவைச் சொல்ல அவகாசம் குறைவு. அந்த நாள்களில் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பிவிடாதீர்கள், கிளம்பினாலும் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: இடைப்பட்ட மாதங்களில் ஏமாறாமல் இருப்பது

கலை அறிவியல் சேர்க்கை முன்னாலேயே முடிந்துவிடும், பொறியியல் ஆகஸ்ட் வரை இழுக்கும். அதனால் பலர் முன்னெச்சரிக்கையாக ஒரு கலைக் கல்லூரியில் சேர்ந்து வைக்கிறார்கள். தவறில்லை. ஆனால் பணத்தோடு அசல் மதிப்பெண் சான்றிதழையும் டி.சி.யையும் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க நடையாய் நடந்தவர்களை எனக்குத் தெரியும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, உரிய தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே அறிவித்திருக்கிறது. சேரும்போதே இதைக் கேளுங்கள். கொடுப்பவற்றுக்கெல்லாம் எழுத்தில் ரசீது வாங்குங்கள், நகல் ஐந்தாறு செட் வீட்டில் இருக்கட்டும்.

ரிசல்ட் வந்த மறுநாளே "தம்பி, உங்களுக்கு ஸ்காலர்ஷிப் சீட் ஒதுக்கியிருக்கோம்" என்று போன் வரும். எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் பதில் வராது. முதல் வருடம் இலவசம் என்பவரிடம் மீதி மூன்று வருடத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பொறியியல் கல்லூரி என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அனுமதி இருக்கிறதா, அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நேரில் போங்கள். வரவேற்பறையில் உட்காராமல் கேன்டீன் பக்கம் போய் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் பேசுங்கள், ஒரு டீ செலவுதான்.

கடைசியாக ஒன்று, சின்ன விஷயம்தான். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தால் கடைக்காரரின் செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் போட விடாதீர்கள். ஓடிபி முதல் ஒதுக்கீட்டுத் தகவல் வரை எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகும். ஜூலையில் அவர் கடையைச் சாத்திவிட்டு ஊருக்குப் போயிருப்பார். உங்கள் எண்ணைக் கொடுங்கள், அதற்கு ரீசார்ஜ் செய்து வையுங்கள், கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதிச் சான்றிதழ் ஃபைலுக்குள் போட்டு வையுங்கள்.