இளவயது அசட்டுத்தனங்களை எடுத்துப் பார்க்கும் முறை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன், மண்டபம் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. இளவயதில் செய்த அசட்டுத்தனங்களை எடுத்துப் பார்க்க எங்கள் பக்கத்தில் அதுவே தோதான காலம். அன்று உடனிருந்தவர்கள் அப்போதுதான் பகலில் கரையில் அகப்படுவார்கள்.

ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் புரண்டபடி நினைக்காமல், பகலில் உட்கார்ந்து, வயது, இடம், உடனிருந்தவர்கள், வாயிலிருந்து வந்த சொல் ஆகியவற்றை எழுதுங்கள். 'மடத்தனம்' போன்ற தீர்ப்புச் சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள்.

பிறகு உடனிருந்த ஒருவரிடம் கேட்க வேண்டும். பலரும் தவிர்க்கும் இந்த வேலைதான் முக்கியமானது. 17 வயதில், மேல்காற்று வீசும் ஒரு கச்சான் காலத்தில், நீரோட்டம் எனக்குத் தெரியும் என்று வீம்பு பேசி, மாமா வேண்டாமென்ற இடத்திலேயே நாட்டுப்படகிலிருந்து வலையை இறக்கினேன்; அது பாரில், அதாவது கடலடிப் பாறையில், மாட்டிக் கந்தலாக வந்தது. கரையில் ஊரே சிரித்தது என்று இருபது ஆண்டுகள் கூசிக்கொண்டிருந்தேன். "அன்று என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டபோது, மாமா வலை ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வல கிழியிறது கடல்ல உள்ளதுதான் மாப்ள. நீ சின்னவன் மேல பழியப் போட்ட பாரு, அவன் அன்னைக்குச் சாப்பிடவே இல்ல." அதை நான் அடியோடு மறந்திருந்தேன். கரையில் நின்றவர்களோ நாலைந்து பேர்தானாம். பார்த்தவர்களைக் கூட்டிக் கணக்கிடுவது நான் மட்டுமல்ல. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியான உளவியல் ஆய்வில், கூச்சம் தரும் படம் போட்ட பனியனுடன் அறைக்குள் நுழைந்த மாணவர்கள், ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று கணித்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிக்கும் சற்றுக் குறைவு.

ஆகவே குறிப்பேட்டில் இரண்டு பத்தி பிரியுங்கள்: உங்களுக்கு மட்டும் வெட்கம் தந்தது ஒன்று, பிறருக்கு வலித்தது மற்றொன்று. முதலாவதை அப்படியே விடலாம். இரண்டாவதற்கு ஆள் இருந்தால் நேரில் போய், காரணம் விளக்காமல், இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள். அவரே உங்களைத் தேற்றும்படி அழுது நிற்பது இன்னொரு சுமையை ஏற்றுவதாகும்.

அன்று பழி சுமந்த அந்தச் சின்னவன், என் மச்சான், படகின் என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தான். சொன்னேன். சற்று நேரம் கழித்து ஸ்பேனரை எடுக்கச் சொன்னான், எடுத்துக் கொடுத்தேன்.