தென்னையில் வெள்ளை ஈயா? மருந்து வாங்குமுன் ஓலையைத் திருப்பிப் பாருங்கள்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுத் தென்னை கறுத்தபோது யாரும் பூச்சி என்று நினைக்கவில்லை. எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் கரித்தூசு என்று விட்டுவிட்டோம். பைக் சீட் பிசுபிசுக்க ஆரம்பித்த பிறகுதான் சந்தேகம் வந்தது. தூசு பிசுபிசுக்காதே!

அது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பூச்சி. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டார்கள். சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவைச் சொட்டும். அதன்மேல் வளரும் பூஞ்சைதான் அந்தக் கறுப்பு.

நானும் கடைக்காரர் கொடுத்த மருந்தை இரண்டு முறை அடித்தேன். ஒரு மாதத்தில் ஈ முன்னைவிட அதிகமாக வந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது: ஈயைத் தின்பவர்களையும் சேர்த்துக் கொன்றிருந்தேன்.

படி 1: ஓலையின் அடிப்பக்கம்

நெருக்கமான வீடுகளில் ஒரு வசதி, மொட்டை மாடியிலிருந்தே மட்டை கைக்கு எட்டும். எட்டாவிட்டால் துரட்டியால் ஒரு கீற்றை இழுத்துக்கொள்ளுங்கள். அடியில் கோலப்பொடியைச் சுழற்றிப் போட்டதுபோல் வெள்ளை வளையங்கள் இருந்தால் அதேதான்.

படி 2: கறுப்பை எண்ணுங்கள்

இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். லென்ஸ் இல்லையென்றால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த வெள்ளை மெழுகு வளையங்களுக்கு நடுவே ஈயின் கூட்டுப்புழுக்கள் தட்டையாக ஒட்டியிருக்கும். வெளிர் நிறமென்றால் உள்ளே ஈ வளர்கிறது. கறுத்திருந்தால் உள்ளே ஈயைத் தின்று வளரும் என்கார்சியா என்ற குளவி. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, நம்மைக் கொட்டாது. ஈ வெளியேறிய கூட்டில் கிழிசல் தெரியும். குளவி வெளியேறியதில் ஊசியால் குத்தியதுபோல் வட்ட ஓட்டை.

இந்தக் குளவியை யாரும் விலைக்கு வாங்கி வந்து விடவில்லை. முன்பு இங்கே வந்த வேறொரு சுருள் வெள்ளை ஈயோடு தானாகவே வந்து சேர்ந்தது.

படி 3: மருந்தை நிறுத்துங்கள்

முழுசாக. ‘ஒரே ஒரு தடவை’ என்பதும் வேண்டாம். ஈ தாங்க முடியாத அளவு என்றால் ஓலையின் அடியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், ஆனால் கறுப்புக் கூடுகள் உள்ள கீற்றுகளை விட்டுவிடுங்கள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் பறக்கும் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சைக்கு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா போட்ட கஞ்சியைத் தெளித்தால் போதும். காய்ந்து உரியும்போது கறுப்பும் சேர்ந்து உதிரும்.

படி 4: குளவியைக் குடிவையுங்கள்

உங்கள் மரத்தில் கறுப்புக் கூடே இல்லையா? பக்கத்துத் தெருவில் ஈ குறைந்துவரும் மரத்தைத் தேடுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டு, ஓட்டை விழாத கறுப்புக் கூடுகள் நிறைய உள்ள கீற்றுத் துண்டுகளைக் காலையில் வெட்டி, காகிதக் கவரில் எடுத்து வந்து உங்கள் மரத்துக் கீழ் மட்டைகளில் கட்டுங்கள். கூடவே சில ஈக்களும் வரும். அதனால் ஏற்கெனவே ஈ உள்ள மரத்தில் மட்டும் செய்யுங்கள்.

செம்பருத்தி வைத்திருப்பவர்களுக்கு

மாவுப்பூச்சி பிடித்த செடியில் மற்றவற்றைவிடப் பெரிதாக, வெள்ளை நூல்கள் தொங்க வேகமாக ஊர்ந்து போகும் ஒன்றைக் கண்டால் நசுக்காதீர்கள். ‘தாய்ப் பூச்சி’ என்று நினைத்து நான் நாலைந்தை நசுக்கியிருக்கிறேன். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட இனம். எறும்பு விரட்டிவிடும் என்பதால் தண்டில் கிரீஸ் தடவி எறும்பைத் தடுங்கள்.

காடுகளிலும் இதே உத்திதான். நீலகிரியில் வாட்டில் மரங்களைப் பஞ்சு போன்ற செதில் பூச்சி பிடித்தபோது, அதைத் தின்னும் ரொடோலியா பொறிவண்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். ஆனால் அப்படி வரவழைப்பது ஆய்வுக்கூடங்களின் வேலை. 2010-ல் பப்பாளி மாவுப்பூச்சிக்குக் குளவிகள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்கு வந்தபோதும், வேறு பூச்சிகளுக்குக் கெடுதல் செய்யுமா என்று தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். ஊரிலிருந்து வரும் மாமா பையில் ஏதாவது வண்டைப் போட்டு எடுத்து வரச் சொல்லாதீர்கள்.

படி 5: காத்திருங்கள்

வாரம் ஒருமுறை, அதே மட்டையில் பத்துக் கூடுகளைப் பார்த்து, அதில் எத்தனை கறுப்பு என்று காலண்டரில் குறியுங்கள். எனக்கு முதல் வாரம் ஒன்று. நாலாவது வாரமும் இரண்டுதான். மனைவி மறுபடி மருந்துக் கடைப் பேச்சை எடுத்தாள். ஒன்பதாவது வாரம் ஏழு.

பைக் சீட்டை இன்னும் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது வருவது வெறும் தூசு.