பிக் பேண்ட் கேட்கும்போது நம் காது செய்யும் தப்புகள்

டிசம்பர் கச்சேரிகளில் ஊறிய காது, ஜாஸ் வாசிக்கும் பெரிய வாத்தியக் குழுவான பிக் பேண்ட் என்ன பிரமாதம் என்று ஒரு மிதப்பில் இருந்தேன். ஹாலில் போட்டதும் அம்மா, "யார் வீட்டுக் கல்யாணம்டா?" என்றாள். அவளாவது கேட்டுவிட்டாள், நானோ தெரிந்தமாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிய தப்பு, எழுந்து நின்று சோலோ வாசிப்பவரை மட்டும் கேட்பது. சபா மேடையில் பாடகர் நடுவில், பக்கவாத்தியம் பக்கத்தில். அதே பழக்கத்தில் கேட்டால் மற்றவர்கள் எல்லாரும் பின்பாட்டு ஆகிவிடுகிறார்கள். வழக்கமான பிக் பேண்டில் 5 சாக்ஸபோன், 4 ட்ரம்பெட், 4 ட்ராம்போன், அதோடு பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று 17 பேர். இன்றைய இசையமைப்பாளர்களின் குறும்பெல்லாம் அந்த மீதி 16 பேரிடம்தான். சாக்ஸபோன்காரர் புல்லாங்குழலையோ கிளாரினெட்டையோ எடுப்பார். ட்ரம்பெட்டின் வாயை ம்யூட் வைத்து அடைப்பார்கள். இரண்டும் ஒரே வரியை வாசிக்கும்போது, இது எந்த வாத்தியம் என்று சொல்லத் தெரியாது. அமெரிக்க இசையமைப்பாளர் மரியா ஷ்னைடர் 2004 ஆல்பமான 'கான்சர்ட் இன் த கார்டன்'-இல் அக்கார்டியனையும் இதில் கலக்கிறார். நம்மூர் பஜனையில் ஹார்மோனியம் குரலோடு ஒட்டிக்கொள்வது போல அது காற்று வாத்தியங்களோடு ஒட்டிக்கொள்கிறது.

ஒரே டிராக்கை இரண்டு தடவை போடுங்கள். இரண்டாவது தடவை சோலோவை விட்டுவிட்டு, அடியில் இழுத்துப் பிடிக்கும் ட்ராம்போனைத் துரத்துங்கள். சோலோ உச்சிக்கு ஏறும்போது யார் ஏணி போட்டுக்கொடுக்கிறார்கள் என்பது பிடிபடும்.

எல்லாமே மேடையில் தோன்றுவது என்று நினைப்பதும் தப்பு. கிருதி பாடாந்தரம், கல்பனாஸ்வரம் மனோதர்மம் இல்லையா? இங்கேயும் எழுதிய பகுதி உண்டு, நடுவே சோலோவுக்கு இடம் விட்டிருப்பார்கள்.

அடுத்தது தாளம். ஸ்விங் என்கிற ஜாஸ் நடையில் நாம் சமத்தில் ஓங்கித் தட்டுவோம்; டிரம்மர் காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹாட்டோ 2, 4-இல் மூடும். தொடை ஒருபக்கம், பேண்ட் ஒருபக்கம். ஆனால் எல்லாம் நாலு நாலாகவே போகும் என்றும் நம்பிவிடாதீர்கள். சிதார் கலைஞர் ஹரிஹர் ராவிடம் இந்திய இசை படித்த அமெரிக்க ட்ரம்பெட்காரர் டான் எல்லிஸ், 1966-இல் அமெரிக்காவின் மாண்டரே ஜாஸ் விழாவில் 19 எண்ணிக்கையில் ஒரு பிக் பேண்ட் உருப்படி வாசித்தார். அதன் பெயரே கணக்குதான்: '33 222 1 222'. மொட்டைமாடியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 3, 3, 2, 2, 2 வரை ராஜா மாதிரி போகிறது. நடுவில் தனியாக நிற்கும் அந்த 1 இருக்கிறதே, அதை முழுங்கிவிட்டு 18-இல் வந்து நிற்பேன். கோர்வை தப்பிய மிருதங்கக்காரர் முழிப்பது போல முழித்தேன்.

இன்னொன்று, போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அடிக்குரல் கொடுக்கும் பாரிடோன் சாக்ஸும் பேஸ் ட்ராம்போனும் காணாமல் போய், மிஞ்சுவது ட்ரம்பெட் கூச்சல்தான். ஹெட்போன் போட்டுத் திரும்பக் கேட்டபோதுதான், அந்த 1 எங்கே விழுகிறதென்று எனக்கே பிடிபட்டது.